நள்ளிரவில் 54

மகளுக்கு இரண்டே கால் வயது, டைப் 1 நீரிழிவு. அன்று நள்ளிரவில் தொட்டுப் பார்த்தபோது பின்கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தேன், 54 mg/dL. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவுதான்.

முன்பெல்லாம் பதறிப்போய் ஒரு டம்ளர் ஜூஸை அப்படியே கொடுத்துவிடுவேன். சற்று நேரத்தில் 280-க்கு ஏறி நிற்கும். சர்க்கரை இறங்கினால் பெரியவர்களுக்குச் சொல்லும் 15 கிராம் குளுக்கோஸ் கணக்கு, பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு மிக அதிகம். இவளுக்கு மருத்துவர் குறித்துத் தந்தது 5 கிராம். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், சர்க்கரை இறங்கினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். அதனால் குளுக்கோஸ் பொடியை 5 கிராம் வீதம் அளந்து சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறேன். அன்று ஒன்றைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கினாள். பிறகு 15 நிமிடம். அந்தக் காத்திருப்புதான் கொடுமை, கை தானாக அடுத்த பொட்டலத்துக்குப் போகும். மறுபடி பார்த்தபோது 63. இன்னொரு 5 கிராம். அடுத்த முறை 92.

சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) கொடுத்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எங்கள் குளுக்ககான் கட்டில் பக்கத்து மேசையில்தான் இருக்கிறது.