மூடிய டிவி யூனிட்டில் ஒயருக்கும் காற்றுக்கும் வழி

டிவி யூனிட் செய்யக் கொடுக்கும்போது கார்பென்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: உள்தட்டுகள் பின்பலகையைத் தொடக்கூடாது. பெட்டியின் ஆழம் 400 மி.மீ. என்றால் தட்டு 340 மி.மீ. போதும். பின்னால் மிஞ்சும் 60 மி.மீ. சந்து வழியாகத்தான் ஒயரும் இறங்க வேண்டும், சூடும் ஏற வேண்டும். ஒயர்களை ஒரே ஓரமாகக் கட்டி இறக்குங்கள். மீதி அகலம் முழுவதும் காற்றுக்கு.

ஏற்கெனவே மாட்டிய யூனிட் என்றால், தட்டின் பின்னோரத்தில் 60 மி.மீ. ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) வைத்துத் துளை போட்டு பிளாஸ்டிக் வளையம் செருகலாம். மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி துளைத்தால் லேமினேட் பெயராது. கையில் இருக்கிறதே என்று கீல் பொருத்தும் 35 மி.மீ. பிட்டால் போட விடாதீர்கள். அதில் எச்டிஎம்ஐ (டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிள்) தலை நுழையும், மூன்று பின் பிளக் நுழையாது. பிறகு ஒயரை வெட்டி ஒட்டுப் போடுவார்கள். நாளடைவில் தளர்ந்து, சூடேறிக் கருகுவது அந்த ஒட்டுதான்.

சுவரில் மாட்டிய டிவிக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் வேண்டும். சிக்னல் ஒயருக்கு 50 மி.மீ. பிவிசி பைப், திருப்பங்களில் 90 டிகிரி எல்போ போடாமல் 45 டிகிரி பெண்ட் போட்டு, பின்னால் ஒயர் இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். கரண்டுக்குத் தனிக் குழாய், டிவிக்குப் பின்னாலேயே எர்த்துடன் ஒரு சாக்கெட். டிவியோடு வரும் வளையும் ஒயரைச் சுவருக்குள் புதைக்கவே கூடாது. எச்டிஎம்ஐ 3 மீட்டருக்குள் இருந்தால் சாதாரண நல்ல கேபிளே போதும். 5 மீட்டரைத் தாண்டினால், சிக்னலை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வகைதான் நம்பகமானது. அதற்குத் திசை உண்டு. ‘டிஸ்ப்ளே’ என்று குறித்த முனை டிவி பக்கம் வராவிட்டால் படமே வராது. சுவருக்குள் இழுக்கும் முன்பே மாட்டிப் பாருங்கள்.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை. ஒவ்வொரு ஒயரிலும் 30 செ.மீ. தளர்ச்சி, இரு முனையிலும் பெயர்ச் சீட்டு. பைபர் இணைப்பின் மெல்லிய ஒயரை மட்டும் மற்றவற்றோடு இறுக்கிக் கட்டாதீர்கள். அதன் சுருள் குறைந்தது 60 மி.மீ. விட்டம் இருக்கட்டும். ஸ்பைக் பஸ்டரைத் தரையில் போட்டால் வீடு துடைக்கும் தண்ணீர் சேரும். தட்டின் அடியில் திருகி மாட்டுங்கள்.

இனி சூடு. வீட்டு மின்னணுச் சாதனங்கள் பலவற்றுக்கும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 40 டிகிரிதான். மே மாதம் ஏசி இல்லாத ஹால் 34 டிகிரி என்றால், பெட்டிக்குள் கூடுவதற்கு நமக்கு இருப்பது வெறும் 6 டிகிரி. செட்டாப் பாக்ஸ், மோடம், அடாப்டர்கள் சேர்ந்து 30, 40 வாட் இழுக்கும். அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது.

இந்த அளவுக்கு ஃபேன் தேவையில்லை. அடிப்பலகையில் முன்பக்கமாக 400 × 50 மி.மீ. வெட்டு ஒன்று, மேல்பலகையின் பின்னோரத்தில் அதே அளவில் இன்னொன்று. அடியில் ஸ்கர்ட்டிங் பட்டை இருந்தால் அதிலும் அதே அளவு திறப்பு வேண்டும். பல வீடுகளில் பின்பலகையில் அழகாக வட்டத் துளைகள் போட்டு, யூனிட்டைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் துளையால் ஒரு பயனும் இல்லை. பின்னால் திறப்பதானால் சுவருக்கும் பலகைக்கும் 25 மி.மீ. இடைவெளி கட்டாயம்.

துளை இருந்தால் கரப்பானும் பல்லியும் வரும். அடாப்டர் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். எவர்சில்வர் வலை அடியுங்கள். வலை காற்றையும் தடுக்கும், தூசியால் அடையும். அதனால் திறப்பை ஒன்றரை மடங்காக்கி, மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள்.

ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) போல 60 வாட் தாண்டும் பொருள் இருந்தால் ஃபேன் வேண்டும். 60 வாட் சூட்டை 5 டிகிரி உயர்வுக்குள் வெளியேற்ற வினாடிக்கு 10 லிட்டர் காற்று நகர வேண்டும். 12 வோல்ட், 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று அதைச் செய்யும். மேல் திறப்பை அந்த இடத்தில் ஃபேன் அளவுக்கு அகலமாக்கி, காற்றை வெளியே தள்ளும்படி, ரப்பர் வாஷர் வைத்து மாட்டுங்கள். 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் சத்தம் அடங்கும். கேம் கன்சோலை மட்டும் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். விளையாடும்போது 200 வாட் வரை இழுக்கக்கூடியது அது; நாலு பக்கமும் 10 செ.மீ. விட்டுத் திறந்த தட்டில் இருக்கட்டும்.

மோடமும் பெட்டிக்கு வெளியே இருப்பதே நல்லது. கண்ணாடிக் கதவின் அலுமினியச் சட்டமும் உலோக வலையும் வைஃபையைக் குறைக்கும்.

எல்லாம் மாட்டியபின், ஒரு தெர்மாமீட்டரை உள்ளே மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தி, இரண்டு மணி நேரம் டிவி ஓட விடுங்கள். ஹாலை விட 5 டிகிரிக்குள் கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் போனால் பெரிய ஃபேன் வாங்கும் முன் அடித்திறப்பைப் பாருங்கள். பெரும்பாலும் காற்று உள்ளே வருவதற்குத்தான் வழி போதாமல் இருக்கும்.