தசை நோய் உள்ளவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

எனக்கு இருப்பது லிம்ப் கேர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் மெல்ல மெல்லப் பலம் இழக்கும் பரம்பரை வருத்தம். மட்டக்களப்புக் கல்லடியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் "ஒண்டும் செய்யாம ஓய்வெடு மகன்" என்பார்கள். மீதிப் பேர் "நல்லா ஓடியாடித் திரிஞ்சா சரியாயிடும்" என்பார்கள். நான் இரண்டு பேச்சையும் கேட்டேன். சும்மா இருந்த வருடத்தில் மாடிப்படி ஏறுவது நின்றுபோனது. மறுகா ஒரு வீடியோவைப் பார்த்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருபது தரம் குந்தி எழும்பினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கட்டிலை விட்டு எழும்ப அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது.

படி 1: வருத்தத்தின் பெயரைக் கேளுங்கள்

"தசை வருத்தம்" என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. டிஸ்ட்ரோபியில் தசை நாரே எளிதில் சேதமாகும். மயஸ்தீனியா கிராவிஸில் தசைக்கு நரம்புச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேராது. இரண்டுக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. சில டிஸ்ட்ரோபிகள் இதயத் தசையையும் மூச்சுத் தசையையும் தொடும். ஆகவே தொடங்கும் முன் ஈசிஜி, எக்கோ என்ற இதயப் பரிசோதனைகள் தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

அப்புறம் பிசியோவிடம் போய் ஒவ்வொரு தசையின் பலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 0 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். 3 என்றால், எடை எதுவும் இல்லாமல் அந்த உறுப்பை மேலே முழுதாகத் தூக்க முடியும் என்று அர்த்தம். அதற்குக் கீழே உள்ள தசைக்குப் பாரம் கொடுக்கக் கூடாது.

படி 2: நேரம்

நம்ம ஊர் வெயிலில் காலை ஆறு மணிதான் சரி. மயஸ்தீனியா உள்ளவர்களுக்குச் சூடு பலவீனத்தைக் கூட்டும். அவர்கள் குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குள் பயிற்சியை முடிக்க வேண்டும்.

படி 3: கதிரை

கைப்பிடி உள்ள, ஆடாத கதிரையைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். மாபிள் தரையில் பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், அது வேண்டாம். உயரம் போதாவிட்டால் மேலே ஒரு தலையணை போடுங்கள். இருக்கை உயர உயர எழும்புவது லேசாகும். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

எழும்புங்கள், மூச்சை அடக்காமல். உட்காரும்போது இரண்டு கைகளையும் ஊன்றிப் பாரத்தைக் கைக்குக் கொடுங்கள். வீடியோக்களில் "மெதுவாக இறங்குங்கள், அப்போதுதான் பலன்" என்பார்கள் அல்லவா? அது மற்றவர்களுக்கு. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் டிஸ்ட்ரோபித் தசை அதிகம் அடிபடும். படி இறங்குவதும் சரிவில் இறங்குவதும் அதே கணக்குத்தான். அந்த இருபது தரம் குந்தி எழும்பியது என்னைப் படுக்கவைத்ததும் இதனால்தான் என்று பிசியோ சொல்லித்தான் தெரியும்.

முதல் கிழமை ஐந்து தரம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள்.

படி 4: மேசை

தோள் பலவீனமானவர்களுக்கு இது. மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துவாயை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். கையின் பாரத்தை மேசை தாங்கிக்கொள்ளும். கையைத் தாராளமாகத் தூக்க முடிந்தவர்கள் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து முழங்கையை மடக்கலாம். அது ஏறக்குறைய அரைக் கிலோ. பாதி நிரப்பினால் கால் கிலோ. இதைவிட மலிவான ஜிம் எனக்குத் தெரியாது.

படி 5: நடை

மட்டக்களப்பில் மேடு பள்ளம் இல்லாதது நமக்கு வரம். வாவிக்கரை வீதியில் நடக்கலாம். ஆனால் போன தூரம் திரும்பியும் வர வேண்டும், அதை மறந்து ஒருநாள் ஓட்டோ பிடித்து வந்தேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும். வசனம் நடுவில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது.

தண்ணீர் இன்னும் நல்லது. இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பாசிக்குடாக் கடலில் ஆழம் குறைவு, அலையும் குறைவு. மாரி காலத்தில் போகாதீர்கள். மணலைக் கடக்கவே பாதிப் பலம் போய்விடும், அதனால் துணை வேண்டும். மூச்சுத் தசை பலவீனமென்றால் நெஞ்சளவுக்கு இறங்காதீர்கள், தண்ணீர் நெஞ்சை அழுத்தும். வாவியில் இறங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலை உண்டு.

படி 6: கொப்பி

செய்த அன்று எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். பயிற்சி சரியா பிழையா என்பதை அடுத்த இரண்டு நாளும்தான் சொல்லும். நோவு இருக்கிறதா? தலை வாருவது, கதிரையிலிருந்து எழும்புவது நேற்றையைவிடக் கஷ்டமா? ஆம் என்றால் அது முழுதாகத் தீரும்வரை ஓய்வு, பிறகு பாதியிலிருந்து தொடக்கம். இரண்டு மூன்று கிழமை ஒரு குறையும் இல்லாவிட்டால் ஒரு தரம் கூட்டுங்கள். காய்ச்சல் நாட்களை அப்படியே வெறுமையாக விடுங்கள்.

சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் கொப்பியைத் தேட வேண்டாம். தசை உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நிலை அது. கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்குவது நிற்காவிட்டாலும், நெஞ்சு படபடத்தாலும், விழுங்கக் கஷ்டமானாலும் அப்படித்தான்.