ஊர்ல இருக்கிற அம்மாவோட சுகரை வெளியூர்ல இருந்துகிட்டே பாத்துக்கிறது எப்படி

அம்மா தென்காசி பக்கம் கிராமத்துல, நான் சென்னைல. அவங்களுக்கு டைப் 2 சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ரொம்ப நாளா நான் பண்ணதெல்லாம் சாயங்காலம் போன் போட்டு "இன்னைக்கு சுகர் எவ்வளவும்மா"ன்னு கேக்குறது மட்டும்தான், அவங்களும் 140, 150ன்னு சொல்லுவாங்க, நானும் நிம்மதியா போனை வச்சிருவேன். அப்புறம் ஹெச்பிஏ1சி எடுத்துப் பாத்தா 9.2. அது கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரி, 9.2ன்னா சுகர் சராசரியா 217 கிட்ட இருந்திருக்குன்னு அர்த்தம். பொங்கலுக்குப் போனப்ப சுகர் மீட்டர் மெமரிய தட்டிப் பாத்தேன், 231, 248, 212ன்னு வரிசையா கெடக்கு. கேட்டதுக்கு, "சொன்னா நீ ஏசுவ, ராத்திரி தூங்காம கெடப்ப, எதுக்குய்யான்னுதான் சொல்லல"ன்னாங்க.

அதனால மொத வேலை, திட்டுறத நிறுத்துங்க. நம்பர் எவ்வளவு வந்தாலும் "சரிம்மா, அதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டீங்க"ன்னு மட்டும் கேளுங்க. திட்டு விழும்னு தெரிஞ்சா உண்மையான நம்பர் உங்க காதுக்கு வராது, அப்புறம் எந்த மிஷின் வாங்கிக் குடுத்தும் பிரயோஜனம் இல்ல.

அடுத்து மீட்டர். பேட்டரி மாத்துனா சில மீட்டர்ல தேதி நேரம் தப்பாயிரும், அத சரி பண்ணிக் குடுங்க. சோப்பு போட்டு கை கழுவி நல்லா தொடச்சுட்டுதான் குத்தணும், மாம்பழம் உரிச்ச கையோட குத்துனா இல்லாத சுகரெல்லாம் காட்டும். விரல் நுனில நட்டநடுவுல குத்தாம ஓரத்துல குத்துனா வலி கம்மி. ஸ்ட்ரிப் டப்பாவ உடனே மூடணும், எக்ஸ்பைரி தேதி பாக்கணும். நல்ல மீட்டர்லயே 15 சதவீதம் வரைக்கும் முன்னபின்ன வரும், அதனால நேத்து 142 இன்னைக்கு 155ன்னு பதறாதீங்க.

எப்ப குத்துறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. தினமும் வெறும் வயித்துல மட்டும் பாத்தா எந்த சாப்பாடு ஏத்துதுன்னு தெரியாது. ஜோடியா பாருங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, மொத வாய் வச்சதுல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. ஸ்ட்ரிப் விலைக்கு தினமும் முடியாது, வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும், ஒரு வாரம் காலை டிபனு, அடுத்த வாரம் மத்தியான சோறு. மீட்டரையும் தட்டையும் சேத்து ஒரே போட்டோவா வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன், அம்மா கூடவே தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கமும் எழுதி வச்சிருவாங்க.

அப்படிப் பாத்ததுல நாலு இட்லி சாம்பாருக்கு 128ல இருந்து 236 போச்சு. ரெண்டு இட்லி, ஒரு முட்டை, மொதல்ல ஒரு கிண்ணம் பீன்ஸ் பொரியல், சாப்ட்டதும் தெருவுல பதினஞ்சு நிமிஷம் நடை, இப்படி ஒண்ணொண்ணா மாத்துனதுல 171ல நின்னுச்சு. ஆனா இது எங்கம்மா உடம்புக்கு, உங்கம்மாவுக்கு வேற மாதிரி இருக்கலாம், அதனாலதான் பக்கத்து வீட்டு டயட் சார்ட்ட அப்படியே எடுத்துக்காதீங்கங்கறேன். சப்பாத்தின்னா ஏறாது, கேப்பக்கூழ்னா ஏறாதுன்னு நம்பி இஷ்டத்துக்கு சாப்பிடுறவங்க நெறைய பேர், குத்திப் பாத்தா தெரிஞ்சிரும். ஒரு நேரத்துல ஒரு விஷயம் மட்டும் மாத்துங்க. பொதுவா வெறும் வயித்துல 80ல இருந்து 130, சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல 180க்குள்ளன்னு சொல்லுவாங்க, ஆனா வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தியே வைப்பாங்க, அத கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

லோ சுகர இதவிட கவனமா பாக்கணும். ஒரு பிரதோஷத்தன்னைக்கு அம்மா கிளிமிப்ரைடுங்கற சுகர் மாத்திரைய (சாப்பிடலன்னாலும் சுகர எறக்கிரும்) வழக்கம்போல போட்டுட்டு விரதம்னு சாப்பிடாம இருந்துட்டாங்க, பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்கி பேச்சே கொழறுது, சித்தி குத்திப் பாத்தா 61. 70க்கு கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு உடனே குடுக்கணும், பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாக்கணும், ஏறலன்னா இன்னொரு தடவ, ஏறுனதும் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறத தாமதப்படுத்தும். மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாம 108க்கு கூப்பிடுங்க. விரத நாளுக்கு மாத்திரைய என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருங்க. 300க்கு மேல போயி வாந்தி, மூச்சு வாங்குறது, அசந்து கெடக்குறதுன்னா வீட்ல வச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க. போன்ல நாமளா டோஸ் கூட்டி கொறைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சுகர் பாக்க கைல ஒட்டுற சென்சார் பத்தி கேப்பீங்க. மேல்கைல பின்பக்கம் ஒட்டுனா ரெண்டு வாரம் வரைக்கும் ஓடும், ஆப்ல ஷேர் பண்ணா சென்னைல இருந்தே கோடு ஏறி எறங்குறது தெரியும். அது ரத்தத்துல பாக்குறதில்ல, தோலுக்கு அடியில இருக்கிற நீர்லதான், அதனால சில நிமிஷம் பிந்தித்தான் காட்டும், அந்தக் கை மேல ஒருக்களிச்சு படுத்தா பொய்யா லோன்னு வேற அலறும். அறிகுறியும் நம்பரும் ஒத்துப்போகலன்னா விரல்ல குத்திப் பாருங்க. மாசாமாசம் வாங்குற விலை இல்ல. டாக்டர் மருந்து மாத்தும்போது ரெண்டு வாரம் போட்டாலே எங்களுக்கு போதுமானதா இருந்துச்சு.

பக்கத்துல ஆள் இல்லாத வீடுன்னா 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேர் இருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாத்து மாத்திரை குடுப்பாங்க. வருஷம் ஒரு தடவ கண் விழித்திரை டெஸ்ட், கிட்னிக்கு யூரின் ஆல்புமின், கிரியாட்டினின் டெஸ்ட் விட்ராதீங்க.

பாதம் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவ பத்தாது. ஞாயித்துக்கிழமை காலைல வீடியோ கால்ல ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் வெளிச்சத்துல காட்டச் சொல்லுவேன். போன மாசம் குதிகால்ல கருப்பா ஒரு புள்ளி, "அழுக்குய்யா"ன்னாங்க, தொடச்சா போகல. கருவேல முள்ளு, சுகர்ல பாதம் மரத்துப் போயிருந்தா வலி தெரியாது, எப்ப குத்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியல. வீட்ல நோண்ட வேண்டாம்னு சொல்லி அன்னைக்கே சித்தியோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எடுக்க வச்சோம்.