அனிமே ஸ்ட்ரீமிங்: பதிப்புரிமை குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதிவிறக்கம் செய்யாமல் பார்க்க மட்டும் செய்தால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்ற எண்ணம்தான் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. ஸ்ட்ரீமிங்கின்போதும் காட்சியின் துண்டுகள் கணினியில் தற்காலிகமாகப் பதிகின்றன. அத்தகைய தற்காலிகப் பிரதிகளுக்குச் சட்டம் தரும் விலக்கு, உரிமம் இல்லாத தளத்தில் தெரிந்தே பார்ப்பதற்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இவ்விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால், ஒரு நாட்டில் இருப்பவர் சொல்வதை இன்னொரு நாட்டில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட ஆபத்தானது, பார்ப்பதற்கு ஸ்ட்ரீமிங் போலவே இருந்தாலும் உள்ளே டோரன்ட் முறையில் இயங்கும் செயலி. அதில் ஓர் அத்தியாயம் ஓடும்போது பதிவேற்ற வேகத்தைக் கவனித்தால், மேல்நோக்கிய அம்புக்குறியின் அருகே எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதாவது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அந்த அத்தியாயத்தின் துண்டுகள் நம் கருவியிலிருந்து முகம் தெரியாத பலருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பார்வையாளர் தம்மை அறியாமலேயே விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறார். விநியோகத்தைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் பார்ப்பதைவிடக் கடுமையாகவே அணுகுகின்றன.

வேறிடத்தில் உள்ள காட்சிகளுக்கு இணைப்பு மட்டும் தரும் தளங்கள், ‘எங்கள் சர்வரில் எந்தக் கோப்பும் இல்லை’ என்று பக்கத்தின் அடியில் எழுதியிருப்பதை நம்புவதும் தவறு. லாப நோக்கில் இணைப்பு தருபவர், அது உரிமமில்லாத பிரதி என்பதை அறிந்தே தந்ததாகக் கருதப்படுவார் என்றும், தமக்குத் தெரியாது என்று காட்டும் பொறுப்பு அவருடையது என்றும் அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் கூறியது.

ரசிகர்கள் செய்யும் சப்டைட்டில் பற்றியும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் விழித்து ஊதியமின்றி மொழிபெயர்ப்பவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்; ஆயினும் பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி மொழிபெயர்ப்பு உரிமை படைப்பாளிக்கே உரியது. 2006-இல் தொடங்கிய கிரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளமே முதலில் ரசிகர்களின் சப்டைட்டிலோடு பயனர்கள் பதிவேற்றிய இத்தகைய பிரதிகளால்தான் வளர்ந்தது. 2009-இல் அவற்றை நீக்கிவிட்டு உரிமம் பெற்ற தொடர்களுக்கு மாறியது.

ஒரு தொடர் நம் நாட்டில் கிடைக்கவில்லை என்பது அனுமதி ஆகாது. உரிமங்கள் பகுதிவாரியாக விற்கப்படுவதால்தான் இந்த இடைவெளி ஏற்படுகிறது. கட்டணம் செலுத்திய சந்தாதாரர் விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்து வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் இணைப்பு) வழியாக வேறொரு நாட்டின் பட்டியலைப் பார்ப்பதும் பொதுவாக அந்தச் சேவையின் விதிமுறைகளுக்கு மாறானதே.

இலவசம் என்றாலே திருட்டு என்று முடிவு கட்டுவதும் சரியன்று. மியூஸ் ஏசியா, அனி-ஒன் ஏசியா போன்ற யூடியூப் சேனல்கள் உரிமம் பெற்றே இலவசமாக ஒளிபரப்புகின்றன. மாறாக, எழுத்துகள் இடவலமாகத் திரும்பியோ, படம் ஒரு சட்டத்துக்குள் சுருங்கியோ, குரல் இயல்புக்கு மாறாகக் கீச்சிட்டோ இருந்தால், அது பெரும்பாலும் யூடியூபின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனையை ஏமாற்றுவதற்காக மாற்றப்பட்ட பிரதியாகவே இருக்கும்.