போயர் வார் மெடல் ஒரிஜினலான்னு பாக்கணுமா? விளிம்பை மறந்துடாதீங்க

எங்க தாத்தாவோட அப்பா போயர் வார்ல (தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களுக்கும் போயர்ங்கிற டச்சு வம்சாவளிக்காரங்களுக்கும் 1899-ல ஆரம்பிச்ச சண்டை) ஸ்ட்ரெச்சர் தூக்கினவர்னு கேட்டுக்கேட்டே வளர்ந்தவன் நான். டர்பன்ல எங்களை மாதிரி நிறைய தமிழ்க் குடும்பத்துல இந்தக் கதை உண்டு. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல ஒருத்தர் அந்தச் சண்டைக்கு பிரிட்டன் குடுத்த குவீன்ஸ் சவுத் ஆப்பிரிக்கா மெடல் ஒண்ணைக் கையில குடுத்து விளிம்பைத் திருப்பிக் காட்ட, அதுல ஒரு தமிழ்ப் பேரு வெட்டியிருக்கிறதப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பேரம்கூடப் பேசாம 6,500 ரேண்ட் குடுத்து வாங்கிட்டேன். மெடல் அசல்தான், ஆனா அந்தப் பேரு பின்னாடி வெட்டினது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு, உங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

சாமான் நாலே நாலுதான். நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கிற 10 மடங்கு லூப் (சின்னப் பூதக்கண்ணாடி), குறுக்களவு எடுக்க டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்னத் தராசு (500 கிராம் தாங்குறதா வாங்குங்க, தண்ணி டம்ளரை அதுமேல வெக்கணும்), அப்புறம் போன் டார்ச். யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பும் வாங்கிப் பாத்தேன், படம் பெருசா வருது ஆனா பள்ளத்தோட ஆழம் தெரியல, லூப்தான் பெஸ்ட். பிளாஸ்டிக் காலிப்பர் வேண்டவே வேண்டாம்.

முதல் வேலை: துடைக்காதீங்க. பிராஸோ, சில்வர் டிப் மாதிரி பாலிஷ், விபூதி எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்புதான் உங்க சாட்சி, அது போச்சுன்னா நான் கீழ சொல்ற பாதி சோதனை வேலைக்கு ஆகாது.

ரெண்டாவது, உலோகம். இந்த மெடல் பெரும்பாலும் வெள்ளி, இந்தியாவுல இருந்து பட்டாளத்தோட வந்த டோலி தூக்குறவங்க, தண்ணி சுமக்குறவங்க, குதிரைக்காரங்க மாதிரி ஆளுங்களுக்கு வெண்கலத்துல குடுத்தாங்க. காந்தம் ரெண்டுலயுமே ஒட்டாது, ஒட்டினா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க. வெள்ளியா இல்ல முலாமான்னு பாக்க ரிப்பனைக் கழட்டிட்டு மெடலை நிறுத்துக்கங்க, அப்புறம் ஒரு டம்ளர் தண்ணியைத் தராசுல வெச்சு ஜீரோ பண்ணிட்டு, மெடலை நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியில படாம தொங்க விடுங்க. தராசு ஒரு எண்ணு காட்டும், மெடல் எடையை அந்த எண்ணால வகுங்க. உதாரணத்துக்கு மெடல் 36 கிராம், தண்ணியில 3.5 காட்டுதுன்னா 10.3 வரும், அது நல்ல வெள்ளி. 9-க்குக் கீழ வந்தா வெள்ளி இல்ல. கிளாஸ்ப் (எந்தச் சண்டை, எந்த இடம்னு பேரு போட்டு ரிப்பன்மேல மாட்டுற பட்டை) இருக்கிற மெடல்ல இடுக்குல காத்துக் குமிழி மாட்டிக்கும், மெதுவா ஆட்டி விட்டுட்டுப் படிங்க. முடிஞ்சதும் பஞ்சால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

மூணாவது, அச்சுல அடிச்சதா இல்ல வார்த்ததான்னு பாக்கணும். அசல்ல எழுத்தோட ஓரம் கூர்மையா நிக்கும், பின்பக்கம் கொடி பிடிச்சிட்டு நிக்கிற பிரிட்டானியாவோட (பிரிட்டனைப் பெண் உருவமா காட்டுறது) விரல்கூடத் தெரியும். வார்த்ததுல எல்லாம் சோப்புக் கட்டில செதுக்கின மாதிரி மழுங்கியிருக்கும், சின்னச்சின்ன ஊசித்துளை இருக்கும், விளிம்பைச் சுத்தி ஒரு கோடு ஓடும், இல்ல அந்தக் கோட்டை அரம் போட்டுத் தேய்ச்ச தடம் இருக்கும்.

இங்க ஒரு விஷயத்துல நிறையப் பேர் பயந்துடுறாங்க. சில மெடல்ல பின்பக்கம் 1899-1900ன்னு அழிச்ச மாதிரி மங்கலா ஒரு தடம் தெரியும், அது திருட்டு வேலை இல்ல! சண்டை 1900-ல முடிஞ்சிடும்னு நினைச்சு தேதியோட அச்சடிச்சாங்க, அது 1902 மே வரைக்கும் இழுத்துடுச்சு, அதனால தேதியை எடுத்துட்டாங்க. தேதி தெளிவா இருக்கிற மெடல்தான் ரொம்ப அரிது, கனடாவுல இருந்து வந்த ஸ்ட்ராத்கோனா குதிரைப்படைக்குப் போன கொஞ்சம்தான் அப்படி, அதனால தேதி பளிச்சுன்னு இருந்தா சந்தேகப்படுங்க. பிரிட்டானியா நீட்டுற மலர்வளையத்தையும் பாருங்க, முந்தி அடிச்ச மெடல்ல அது ஆஃப்ரிக்காங்கிற இங்கிலீஷ் எழுத்துல ஆர் பக்கம் காட்டும், பிந்தி வந்ததுல எஃப் பக்கம். தேதி தெளிவா இருந்து வளையம் எஃப் பக்கம் காட்டினா அந்தத் தேதி பின்னாடி யாரோ சேர்த்தது.

இப்ப நாலாவது, விளிம்பு. நான் ஏமாந்தது இங்கதான், அதனால இதுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கங்க.

மெடல் அசலாவே இருக்கும், எடை, வெள்ளி, அச்சு எல்லாம் பாஸாகும். ஆனா விளிம்புல இருந்த சாதா சிப்பாய் பேரை அரம் போட்டு எடுத்துட்டு, விலை போகிற பேரா வெட்டிடுவாங்க. இந்தியப் பேருக்கு இங்க குடும்பக் கதையோட சேர்ந்த விலை, அது விக்கிறவங்களுக்கும் நல்லாத் தெரியும்.

மெடல் குறுக்களவு 36 மில்லிமீட்டர் சுமார். அந்த ஒரே எண்ணை நம்பாதீங்க, தேய்மானம் இருக்கும். மேல கீழ, இடம் வலம், ரெண்டு மூலைவாட்டம்னு நாலு இடத்துல அளந்து எழுதி வைங்க. நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். என்னோடதுல பேரு இருக்கிற பக்கமா அளந்தா மட்டும் 0.3 மில்லிமீட்டர் குறைஞ்சுது, நான் காலிப்பர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வேற ஒண்ணு வாங்கி அளந்தேன், அதே 0.3.

சுத்திலும் ஒரே அளவா அரம் போட்டிருந்தா காலிப்பர்ல மாட்டாது. அப்ப முகப்பைத் திருப்பி, ஓரத்துல எழும்பி நிக்கிற வரம்பை லூப்ல பாருங்க. விளிம்பைத் தேய்ச்சா அந்த வரம்பு ஒல்லியாகிடும், எழுத்தெல்லாம் ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட வந்த மாதிரித் தெரியும். அப்புறம் ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை விளிம்போட படுக்கவாட்டுல பிடிச்சு மெடலை மெதுவா உருட்டுங்க. என்னோடதுல தமிழ்ப் பேரோட ரெண்டாவது எழுத்துக்கு அடியில வேற ஒரு எழுத்தோட கால் நிழல் மாதிரி எழும்பிச்சு, அதைப் பாத்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காசு போனதுக்காக இல்ல. யாரோ ஒரு ஆளோட பேரை அழிச்சு, எங்க ஆளோட பேரை அதுமேல பொய்யா வெட்டியிருக்காங்க, ரெண்டு பேருக்கும் பண்ணின துரோகம் அது.

எழுத்தோட பள்ளத்துக்குள்ளயும் பாருங்க. நூறு வருசப் பேருன்னா உள்ளயும் கறுப்பேறியிருக்கும், சுத்தி கறுத்துப் போய் பள்ளம் மட்டும் பளபளன்னா புதுசு. பஞ்ச் (எழுத்து அச்சு) வெச்சு அடிச்சதா, உளியால வெட்டினதான்னும் கவனிங்க, ஆனா வெட்டின பேருன்னாலே போலின்னு முடிவு பண்ணிடாதீங்க, இந்த மெடல்ல அரசாங்கமே ரெண்டு விதமாவும் பேரு போட்டிருக்கு, ஆபீசர்களோடது பெரும்பாலும் வெட்டினதுதான்.

அஞ்சாவது, கிளாஸ்ப். மொத்தம் 26 விதம் இருக்கு, எல்லாம் ஒண்ணா சேராது. கேப் காலனியும் நேட்டாலும் ஒரே மெடல்ல வரக்கூடாது. போயர்கள் முற்றுகை போட்ட லேடிஸ்மித் ஊரைக் காத்தவங்களுக்கு ஒரு கிளாஸ்ப், மீட்கப் போனவங்களுக்கு வேற, முற்றுகைக்கு உள்ள இருந்தவர் வெளியில இருந்து மீட்க வர முடியாதில்ல. கிளாஸ்பைப் பிணைக்கிற ரிவெட் ஆணி முரடா இருக்குங்கிறதுக்காக மட்டும் தள்ளிடாதீங்க, கிளாஸ்ப் லேட்டா வந்து சிப்பாயே ஆசாரிகிட்ட குடுத்து மாட்டினதும் உண்டு.

கடைசியா ரோல், அதாவது யாருக்கு மெடல் குடுத்தாங்கங்கிற பட்டியல். லண்டன் கியூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல டபிள்யூஓ 100ங்கிற வரிசையிலதான் இந்தப் பதிவெல்லாம் இருக்கு. பேரு இருக்குன்னு மட்டும் பாத்துட்டு சந்தோசப்படாதீங்க, போலி பண்றவனும் அதே ரோலைப் பாத்துத்தான் வெட்டுறான். நம்பர், ரேங்க், படைப்பிரிவு, கிளாஸ்ப் எல்லாம் ஒத்துப்போகணும்.

நம்ம ஆளுங்க விஷயத்துல இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். 1899 டிசம்பர்ல கொலென்சோவுலயும், 1900 ஜனவரியில ஸ்பியான் கோப் பக்கமும் வேலை செஞ்ச இந்திய ஆம்புலன்ஸ் படையில கிட்டத்தட்ட 1,100 பேரு, அதுல பெரும்பகுதி தோட்டத்துல இருந்து வந்த ஒப்பந்தக் கூலிங்க. தலைவர்கள் 37 பேருக்கு மெடல் கிடைச்சதா காந்தியே எழுதியிருக்கார். அப்போ வீட்டுல மெடல் இல்லைங்கிறதால உங்க கொள்ளுத்தாத்தா அங்க போகலைன்னு ஆயிடாது, தூக்கினவங்க நிறையப் பேருக்கு மெடலே குடுக்கல. அந்த இல்லாத மெடலைத் தேடித்தான் நான் 6,500 ரேண்ட் குடுத்தேன்.

பின்சேர்க்கை: இதைப் படிச்சுட்டு சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க, அவங்க தாத்தாவோட முதல் உலகப்போர் விக்டரி மெடல்ல பின்பக்கம் இங்கிலீஷோட வேற ஏதோ பாஷையும் இருக்கு, போலியான்னு. இல்லக்கா, அது டச்சு. சவுத் ஆப்பிரிக்காப் படைக்குக் குடுத்த விக்டரி மெடல் ரெண்டு பாஷையிலதான் இருக்கும், அவங்களுக்கு வந்ததுல வெறும் இங்கிலீஷ் இருந்திருந்தாதான் நான் யோசிச்சிருப்பேன்.

இன்னொரு தம்பி ரெண்டாம் உலகப்போர் ஸ்டார் (நட்சத்திர வடிவ மெடல்) பத்திக் கேட்டார். பிரிட்டன் தன்னோட ஆளுங்களுக்குப் பேரு போடாமத்தான் குடுத்துச்சு, ஆனா நம்ம சவுத் ஆப்பிரிக்காவுல நம்பரும் பேரும் போட்டுக் குடுத்தாங்க, துள்ளுற ஸ்பிரிங்பாக் போட்ட ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடல்லயும் அப்படித்தான். அதனால இங்க உள்ள குடும்பத்து மெடல்னு சொல்லி விளிம்பு மொட்டையா இருக்கிற ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடல் வந்தா, பேரை அரம் போட்டு எடுத்திருக்காங்களான்னு முதல்ல காலிப்பரை எடுங்க.

எனக்கு போட்டோ அனுப்புறவங்க முகப்பை மட்டும் அழகா எடுத்து அனுப்புறீங்க, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மெடலை ஒரு அரிசிக் கிண்ணத்துல செங்குத்தா நட்டு வைங்க, டார்ச் பக்கவாட்டுல இருந்து வரட்டும், கொஞ்சம் கொஞ்சமா திருப்பி விளிம்பை மட்டும் எட்டு படம் எடுங்க, கூடவே நாலு அளவையும் எழுதி அனுப்புங்க.