மிஸு யோகான்: பயறு அடியில் தங்காமல் உறைய வைப்பது எப்படி?

ஜப்பானியர்கள் கோடையில் குளிரக் குளிரச் சாப்பிடும் பயற்று இனிப்பு மிஸு யோகான். ஃபுகுய் மாகாணத்தில் மட்டும் கதை தலைகீழ், அங்கே இது குளிர்காலத்துப் பண்டம்.

இதை உறைய வைப்பது கான்டென், அதாவது நம் கடைகளில் சைனா கிராஸ், கடல்பாசி என்று கிடைக்கும் அதே அகர் அகர். ஜெலட்டின் வேண்டாம், அது வழவழவென்று கரையும். யோகான் நாக்கில் பட்டதும் மெத்தென்று உடைய வேண்டும்.

தேவையானவை: தண்ணீர் 500 மி.லி., கான்டென் பொடி 4 கிராம், சர்க்கரை 50 கிராம், கோஷியான் 400 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கோஷியான் என்பது அசுகி என்ற சிறிய சிவப்புப் பயற்றை வேகவைத்து, தோல் நீக்கி, சர்க்கரை சேர்த்துக் கிளறிய விழுது. டப்பாவில் கிடைப்பதே போதும்.

1. பொடியைப் பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, அடுப்பில் வையுங்கள். கொதி வந்தபின் கிளறிக்கொண்டே 2 நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். பின்புறம் குருணை ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை. பொங்கி வழியும், தீயைக் குறைத்தே வையுங்கள். இழையாக வாங்கியிருந்தால் 8 கிராம் எடுத்து அரை மணி ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள்.

2. முழுதும் கரைந்த பிறகுதான் சர்க்கரை. முன்பே போட்டால் கான்டென் சரியாகக் கரையாது.

3. கோஷியானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, உப்பு போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

4. பலரும் கோட்டைவிடும் இடம் இது. சூடாகவே அச்சில் ஊற்றினால் பயறு அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி வெறும் ஜெல்லி நிற்கும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, அடியோடு துழாவிக்கொண்டே இருங்கள். 50 டிகிரிக்கு வரும்போது கலவை லேசாகக் கனக்கும், பயறு மிதந்தபடியே நிற்கும். உடனே ஊற்றிவிடுங்கள். 40 டிகிரியை நெருங்கினால் ஓரத்தில் கட்டி கட்டத் தொடங்கும். அப்படி ஆனாலும் வீணில்லை. மறுபடி கொதிக்கவிட்டு உருக்கி, முதலிலிருந்து ஆறவையுங்கள்.

5. ஒரு லிட்டர் கொள்ளும் தட்டையான அச்சைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மேலே வரும் குமிழிகளைக் கரண்டி நுனியால் எடுத்துவிடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம்.

ஃப்ரீசர் பக்கம் போகவே வேண்டாம். உருகும்போது நீர் பிரிந்து பஞ்சாகிவிடும். சர்க்கரை குறைவு என்பதால், கெட்டியான நெரி யோகான் போல நாள்பட நிற்காது. ஃப்ரிட்ஜிலேயே வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.