வேதனையைச் சுமக்கும் நாயகனைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொன்னியின் செல்வன் திரைப்படத்தின் இரு பாகங்களும் 2022இலும் 2023இலும் வெளிவந்த பின்னர், ஹட்டனில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு வரும் இளையோரின் கேள்வி ஒரே பக்கம் திரும்பிவிட்டது. விக்ரம் நடித்த ஆதித்த கரிகாலனைப் போல, உள்ளுக்குள் வெந்துகொண்டே காதலிக்கின்ற ஒருவன் வரும் சரித்திர நாவல்கள் வேறு என்ன இருக்கின்றன என்று கேட்கிறார்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியைகளும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களும், கொழும்பில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு வீடு திரும்புபவர்களும் இவர்களுள் உண்டு. கேள்வி மிக நல்ல கேள்வி. ஆனால் விடை தேடிப் போகும் வழியில், எங்கள் தலைமுறை வாசகர்கள் தடுக்கி விழுந்த இடங்களிலேயே இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அட்டைப் படத்தை நம்பி வாங்குவது போன்ற வெளிப்படையான பிழைகளை இங்கு எழுதவில்லை. அவற்றை எவரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள்.

கதாநாயகனை மட்டும் கவனிப்பது

தமிழ்ச் சரித்திர நாவலில் வேதனைப்படும் ஆண் பெரும்பாலும் கதையின் நடுவில் நிற்பதில்லை. பொன்னியின் செல்வனில் நாம் முதல் அத்தியாயத்திலிருந்து பின்தொடர்வது வந்தியத்தேவனை. அவன் துடுக்கும் உற்சாகமும் நிறைந்தவன். காதலித்தாலும் அதனால் உருக்குலைந்து போகிறவன் அல்லன். நூலின் பெயருக்கு உரியவனான அருள்மொழிவர்மனோ நிதானமே உருவானவன். மனத்தால் சிதைந்தவன் அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலன் ஒருவன்தான். அவன் நேரில் தோன்றும் பக்கங்கள் மற்ற இருவருடைய பக்கங்களை விடக் குறைவு. அட்டையில் யாருடைய உருவம் இருக்கிறது, பின்னட்டைக் குறிப்பு யாரைப் புகழ்கிறது என்று மட்டும் பார்ப்பவர் இத்தகைய நாவலைத் தொடாமலே விட்டுவிடக்கூடும்.

சிவகாமியின் சபதத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாமல்லனாகிய நரசிம்மவர்மனின் துயரம் உண்மையானது என்றாலும், காதலினால் தன்னையே எரித்துக்கொள்பவர் நாகநந்தி என்னும் பிக்கு. கதையின் அமைப்பில் அவர் எதிராளி. நாவலின் மூன்றாம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயரே ‘பிக்ஷுவின் காதல்’ என்பதாகும். வேண்டுவது இன்ன மாதிரியான மனிதன் என்று தெரிந்தவர்கள் பாகங்களின் தலைப்புகளைப் பார்த்தாலே வழி கண்டுவிடலாம். எதிராளியையும், மூத்த சகோதரனையும், துறவியையும் விட்டுவிட்டு நாயகனை மட்டும் தேடுபவருக்கு நம் மொழியில் கிடைப்பது மிகவும் கொஞ்சமே.

கோபக்காரனை வேதனைப்படுபவன் என்று எண்ணுவது

பெண்ணிடம் கடுமையாக நடந்துகொண்டு, அதற்குச் சிறுவயதுத் துன்பம் ஒன்றைக் காரணமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கும் நாவல்கள் பல உண்டு. அந்த நாயகனுக்குத் தன் காயத்தினால் எந்த இழப்பும் வருவதில்லை. இழப்பு முழுவதும் நாயகிக்கே. நான் புத்தகம் தேர்ந்து கொடுக்கும்போது ஒன்றை மட்டுமே பார்க்கிறேன்: அவனுடைய வேதனை அவனுடைய சொந்தச் செயலிலிருந்து பிறந்ததா, அதற்கு அவன் விலை கொடுக்கிறானா என்பதையே. ஆதித்த கரிகாலன், காயமுற்றுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனை, தான் காதலித்த நந்தினி உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடும்போதே கொன்றவன். பிறர் செய்த தீங்கை விடத் தான் செய்ததே அவனைத் துரத்துகிறது. கடைசியில் கடம்பூர் மாளிகைக்குப் போகாதே என்று எத்தனை பேர் தடுத்தும் அவன் போவது அதனால்தான். வாசகர் மனத்தை விட்டு அவன் அகலாமல் இருப்பதும் அதனால்தான்.

இரு பெண்களுக்கு நடுவே நிற்பவன்

சாண்டில்யனின் கடல் புறாவிலும் யவன ராணியிலும் நாயகர்கள் இரு பெண்களின் அன்புக்கு நடுவே நிற்கிறார்கள். விறுவிறுப்பும் கடற்போரும் வேண்டுவோருக்கு இவை விருந்து. இருவருள் எவள் என்ற தயக்கம் மனவேதனை ஆகாது.

சுருக்கப் பதிப்பை வாங்குவது

இந்தத் தவறைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இதில் வீணாவது பணம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். நல்ல நாவலொன்று ஒரு வாசகருக்கு என்றென்றைக்குமாகக் கெட்டுப்போகிறது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் போய், சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் பொன்னியின் செல்வனை வாங்கி வந்தார். ஒரே புத்தகம், கெட்டி அட்டை, பளபளப்பான படம். இரண்டு வாரங்களில் வாசித்து முடித்துவிட்டு வட்டத்துக்கு வந்து, “டீச்சர், ஆதித்த கரிகாலன் எப்போது பார்த்தாலும் கோபப்படுகிற ஆளாகத்தானே இருக்கிறார், இவருக்காகவா நீங்கள் எல்லாரும் இவ்வளவு உருகுகிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அவர் கையிலிருந்த புத்தகத்தில் கரிகாலன் அப்படித்தான் இருந்தான்.

மூலத்தில் முதல் பாகத்தின் இறுதி அத்தியாயங்கள் மாமல்லபுரத்தில் நடக்கின்றன. பாட்டனார் மலையமானும் நண்பன் பார்த்திபேந்திரனும் உடனிருக்க அங்கே தங்கியிருக்கும் கரிகாலன், நந்தினியைச் சிறுவயதில் கண்டது முதல், வீரபாண்டியனைக் கொன்ற இரவு வரையிலும், பின்னர் அவளைப் பழுவூர் இளைய ராணியாகப் பார்க்க நேர்ந்தது வரையிலும் நண்பனிடம் சொல்லித் தீர்க்கிறான். அந்தப் பேச்சு ஓர் அத்தியாயத்தில் முடிவதில்லை. நிறுத்துகிறான், சுற்றி வளைக்கிறான், சொல்ல வந்ததை விட்டு விலகிப் போய் மறுபடியும் அந்த இரவுக்கே திரும்புகிறான். அவள் முகம் தன்னை விட்டு அகலாததைச் சொல்கிறான். ஆசிரியையின் புத்தகத்தில் இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கியிருந்தது. கொலை நடந்த செய்தி இருந்தது. கொன்றவன் மனம் பட்ட பாடு ஒரு வரியாகக் கூட இல்லை.

இது தற்செயலாக நேர்வதன்று. நாவலைச் சுருக்குபவர் கதை அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் எங்கே போனார், ஓலையை யார் எடுத்தார், எந்தச் சுரங்கப் பாதை எங்கே திறக்கிறது என்பவற்றை நீக்கினால் அடுத்த நிகழ்ச்சி புரியாது; ஆகவே அவற்றைத் தொட மாட்டார். ஒருவன் இரவெல்லாம் உறங்காமல் தவித்ததை நீக்கினால் மறுநாள் நிகழ்ச்சி அப்படியே புரியும். ஆகவே முதலில் போவது அதுவே. சாகசம் வேண்டிச் சுருக்கப் பதிப்பை வாங்குபவருக்குப் பாதியாவது கிடைக்கும். வேதனைப்படும் நாயகனைத் தேடி வாங்குபவருக்கு, அவர் தேடிய பொருளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சம் கொடுக்கப்படுகிறது. கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். வாசகர்கள் ஒரு வாரம் முழுவதும் கரிகாலனின் ஒரு வாக்கியத்தோடு வாழ்ந்தார்கள். அந்த மெதுவான நடையை நீக்கினால் எஞ்சுவது வெறும் கோபக்காரன்.

கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியதனால் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிடுகின்றன. அதனால் மலிவான முழுப் பதிப்புகளும் உண்டு. சுருக்கங்களும் அவற்றோடு ஒரே அடுக்கில் இருக்கும். அட்டையில் ‘சுருக்கம்’ என்ற சொல்லைப் பெரிதாக அச்சிடாமல், உள்ளே உரிமைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுவதை நேர்மை என்று நான் ஏற்க மாட்டேன். சென்னையிலிருந்து கப்பலேறி வரும் புத்தகம் இந்திய விலையைப் போல் பல மடங்காகி நம் கைக்கு வருகிறது. மலையகத்தில் அதை வாங்குபவர் எதை விட்டுக்கொடுத்து வாங்குகிறார் என்பதை விற்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். பாகங்கள் தனித்தனிப் புத்தகங்களாக இருக்கின்றனவா என்பதை வைத்து முடிவுகட்ட வேண்டாம்; பொடி எழுத்தில் ஐந்து பாகங்களையும் ஒன்றாகக் கட்டிய முழுப் பதிப்புகளும் உள்ளன. அத்தியாயங்களை எண்ணுங்கள். புது வெள்ளத்தில் 57, சுழற்காற்றில் 53, கொலை வாளில் 46, மணிமகுடத்தில் 46, தியாக சிகரத்தில் 91 என மொத்தம் 293 இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் வெட்டியிருக்கக்கூடும் என்பதால், மாமல்லபுரத்து அத்தியாயம் ஒன்றைத் திறந்து, மதுரைத் திட்டத்தின் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் முழுப் பாடத்தோடு கைத்தொலைபேசியிலேயே ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் ஒப்பிட்டால் போதும். ‘எளிய நடையில்’, ‘மறு ஆக்கம்’, ‘தழுவல்’ என்ற சொற்கள் எங்கேனும் கண்ணில் பட்டால் புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிடலாம். கையில் பணம் இல்லாதவர்கள் மதுரைத் திட்டத்திலேயே முழுவதையும் வாசிக்கலாம். சிவகாமியின் சபதமும் பார்த்திபன் கனவும் கூட அங்கு உள்ளன.

அந்த ஆசிரியைக்கு எங்கள் வட்டத்தின் முழுப் பதிப்பைக் கொடுத்தேன். முதல் பாகத்தைப் பாதி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். கதை தெரிந்துவிட்டதே, மறுபடியும் எதற்கு என்று சொன்னார். எனக்கு ஆற்றாமை தீராதது அதில்தான்.

பைண்டு செய்த தொடர்கதை

வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பழைய தொடர்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஓவியங்களோடு வாசிக்கலாம் என்பது பெரும் பேறு. வாங்குமுன் அத்தியாய எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். ஒரு வாரம் விடுபட்டிருந்தால் அது எப்போதும் முக்கியமான வாரமாகவே இருக்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் பசை விட்டுப் பக்கங்கள் கழன்று விழுவதும், பூஞ்சணம் பிடிப்பதும் வழக்கம். நடுப் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் விரித்துப் பாருங்கள்.

வாசிக்கும் வரிசையை மாற்றுவது

சிவகாமியின் சபதம் முதலில், பார்த்திபன் கனவு பிறகு. கதை நிகழும் கால வரிசை இதுவே; எழுதப்பட்ட வரிசை இதற்கு மாறானது.

வரலாறே வேதனையைத் தரும் என்று நம்புவது

நம் பகுதி வாசகர்கள் பலர், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனைப் பற்றிய காதல் நாவலைக் கேட்கிறார்கள். பதின்ம வயது தாண்டுமுன் 1798இல் அரியணை ஏறி, 1815இல் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்த நாயக்கர் வம்சத்து மன்னனின் வாழ்வில் துயரத்துக்குக் குறைவில்லை. கேட்பது இயல்பே. ஆனால் துயரமான வாழ்க்கை தானாகவே துயரமான மனமாக எழுத்தில் மாறுவதில்லை. சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களையும், அவர்களைச் சார்ந்தோரின் உடைமைகள் மீதான அரச ஆணையையும் சொல்கிறது. கொல்லப்பட்டவன் என்ன நினைத்தான் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நந்தினியும், அந்த இரவும், அதன் பின்னான தூக்கமின்மையும் கல்கியின் படைப்பு. எந்த மன்னனைப் பற்றிய நாவலானாலும், ஆசிரியர் போரையும் பட்டாபிஷேகத்தையும் விட்டு ஓர் அத்தியாயமாவது அவன் தனிமைக்குள் போகிறாரா என்று புரட்டிப் பாருங்கள்.

அவ்வாறு உள்ளே போனவர்களுள் நா. பார்த்தசாரதியைக் குறிப்பிட வேண்டும். அவருடைய மணிபல்லவம் நாவலின் இளங்குமரன் அரசனோ படைத்தலைவனோ அல்லன். பெற்றோரை அறியாத ஓர் இளைஞன். உடல் வலிமையில் தொடங்கி அறிவுக்கும் பின் அருளுக்கும் நகர்பவன். வாள்வீச்சை எதிர்பார்ப்பவர்கள் இதைப் பொறுமையின்றி வைத்துவிடுகிறார்கள். மனப் போராட்டத்தைத் தேடுவோர் வைத்துவிட வேண்டாம்.

ஆங்கில நாவலைப் பிள்ளைகளுக்கான தமிழில் வாசிப்பது

ஜேன் அயரும் வுதரிங் ஹைட்ஸும் 1847இல் வெளிவந்தவை. ரொச்செஸ்டரும் ஹீத்கிளிஃபும் இந்த வகை நாயகர்களுக்கு மூத்தவர்கள். பாடசாலை நூலகங்களில் இருக்கும் மாணவர் பதிப்புகளில் அவர்களைத் தேடாதீர்கள். மேலே சுருக்கப் பதிப்பைப் பற்றிச் சொன்ன அனைத்தும் இங்கும் பொருந்தும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில மூலத்தையே வாசிக்கலாம்.

முடிவில் கூடுவார்கள் என்று எதிர்பார்ப்பது

மேலை நாட்டுக் காதல் நாவல் வாசகர்களுக்கு ஓர் உறுதி உண்டு: எவ்வளவு துன்பம் வந்தாலும் கடைசியில் இருவரும் சேர்வார்கள். தமிழ்ச் சரித்திர நாவல் அப்படிப்பட்ட உறுதி எதையும் தருவதில்லை. சிவகாமியின் சபதத்தில் மாமல்லன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைக் கொளுத்தித் தன் வாக்கைக் காப்பாற்றுகிறான். ஆனால் அதற்குள் அவன் பாண்டிய இளவரசியை மணந்து பிள்ளைகளுக்குத் தந்தையாகியிருக்கிறான். சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணிக்கிறாள். இதைத் தெரியாமல் நான்கு பாகங்களையும் முடித்துவிட்டுப் புத்தகத்தின் மீது கோபம் கொண்டவர்களை எங்கள் வட்டத்தில் பார்த்திருக்கிறேன். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதை நான் குற்றமாகக் கருதவில்லை. இந்த நாவலில் மாமல்லனின் வேதனையை முழுதாக உணர, அவன் என்ன இழக்கப் போகிறான் என்று தெரிந்திருப்பது உதவுகிறது.

கூடல் வேண்டும் என்பவர்கள் சபதத்தோடு நிறுத்திவிடாமல் உடனே பார்த்திபன் கனவை எடுக்க வேண்டும். அதில் நரசிம்மவர்மன் வயது முதிர்ந்த சக்கரவர்த்தி. தந்தையின் கனவைச் சுமந்து நாடுகடத்தப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமனும், நரசிம்மவர்மனின் மகள் குந்தவியும் காதலிக்கிறார்கள்; தகப்பனுக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கிறது.